மூன்று முறை தட்டப்பட்ட கதவு

பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு



‘நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்’ என்ற சொற்களை ஒரு நாளில் நாம் எத்தனை முறை சொல்கிறோம் என்று என்றேனும் எண்ணிப் பார்த்ததுண்டா? எங்கள் வகுப்பில் ஒரு வாரம் எண்ணிப் பார்த்தோம். கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒவ்வொரு முறைக்கும் ஒரு கோடு போட்டுக்கொண்டே வந்தோம். புதன்கிழமைக்குள் பக்கம் நிரம்பிவிட்டது. மீதிக் கோடுகளை நாளைக்குப் போட்டுக்கொள்ளலாம் என்றாள் ஒருத்தி. வகுப்பே கொல்லென்று சிரித்தது. சிரித்து முடித்தபின் சற்று வெட்கமாகவும் இருந்தது.

காலம் நீட்டிக்கும் பழக்கம் இன்று நேற்று வந்ததன்று. வள்ளுவப் பெருந்தகை ‘மடியின்மை’ அதிகாரத்தில், கெட்டுப்போக இருப்பவர்கள் விரும்பி ஏறும் மரக்கலம் என்று நான்கு குணங்களைச் சொல்கிறார். அவற்றுள் முதலாவதாக அவர் வைத்திருப்பதே காலத்தை நீட்டிக்கும் குணம். புனித அகுஸ்தினாரும் இதற்கு விலக்கல்லர். மனம் திரும்ப வேண்டும் என்று அறிந்தும், ‘இன்னும் சிறிது காலம் போகட்டும்’ என்று தாம் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போட்டதை அவரே தம் நூலில் ஒளிக்காமல் எழுதிவைத்தார். கி.பி. 387-இல் மிலான் நகரில் ஞானஸ்நானம் பெற்றபோது அவருக்கு வயது 32. புனிதருக்கே இந்தப் பாடு என்றால் நம்மைப் பற்றிச் சொல்லவா வேண்டும்!

ஆனால் நாம் தள்ளிப்போடுவதெல்லாம் சோம்பலால்தானா? அப்படியென்றால் அதே நேரத்தில் அலமாரியை ஒழுங்குபடுத்துகிறோமே, பென்சில்களை எல்லாம் சீவி வைக்கிறோமே, அவை எப்படி நடக்கின்றன? ‘எனக்கு வராது’, ‘தப்பாகிவிட்டால் என்ன செய்வது’ என்ற பயம்தான் பல நேரங்களில் ‘நாளைக்கு’ என்று பேசுகிறது. இதை நாங்கள் புத்தகத்தில் படித்து அறியவில்லை. எங்களுக்கு நேர்ந்த ஒன்றினால் அறிந்தோம். அதைக் கடைசியில் சொல்கிறோம்.

‘வாழ்வில் ஒரு குறிக்கோள் வேண்டும்’ என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து ‘என் வருங்காலக் கனவு’ என்று கட்டுரையும் எழுதி வருகிறோம். எங்கள் வகுப்பில் பாதிப்பேர் டாக்டர், மீதிப்பேர் கலெக்டர். எழுதிய மறுநாளே மறந்துவிடுகிற கனவு அது. மதிப்பெண் வாங்கித் தருமே தவிர, காலை ஐந்து மணிக்கு நம்மை எழுப்பாது. அப்படியானால் மனிதரை உண்மையில் எழுப்பும் குறிக்கோள் எங்கிருந்து வருகிறது? நம் ஊருக்கு அருகிலேயே இதற்கு ஒரு சான்று இருக்கிறது.

நம் வீடுகளில் யாருக்கேனும் பெரிய நோய் என்றால், ‘வேலூருக்குக் கொண்டுபோங்கள்’ என்கிறார்கள். 1989 வரை திருவண்ணாமலையும் வேலூரும் ஒரே வடஆற்காடு மாவட்டமாகவே இருந்தன. அந்த வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியும் மருத்துவமனையும் தோன்றக் காரணமானவர் டாக்டர் ஐடா ஸ்கடர். 1870 டிசம்பர் 9-ஆம் நாள் இராணிப்பேட்டையில் பிறந்தவர். அவருடைய தாத்தா ஜான் ஸ்கடர் 1819-இல் அமெரிக்காவிலிருந்து புறப்பட்டு இலங்கைக்கு வந்த மருத்துவர். தந்தையும் இங்கேயே மருத்துவத் தொண்டு செய்தவர். ஆகவே ஐடாவும் அதே வழியில் வருவார் என்றுதான் எல்லாரும் எண்ணினர்.

ஐடாவுக்கோ அதில் விருப்பமே இல்லை! சிறு குழந்தையாக இருந்தபோது 1876–78 ஆண்டுகளின் கொடிய தாது வருடப் பஞ்சத்தை அவர் இங்கே கண்ணால் கண்டவர். பிறகு அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டார். பெற்றோர் அவரை உறவினரிடம் விட்டுவிட்டுக் கடல் கடந்து திரும்பி வந்தனர். பஞ்சமும் பிரிவும் சேர்ந்து, ‘இந்தியாவும் வேண்டாம், தொண்டும் வேண்டாம்’ என்ற எண்ணத்தை அவர் மனத்தில் வளர்த்தன. அழகும் கலகலப்பும் உள்ள பெண். நல்ல இடத்தில் திருமணம் செய்துகொண்டு வசதியாக வாழ வேண்டும் என்பதே அவர் ஆசை. இதை நாம் குறை சொல்ல முடியாது. நம்மில் பலருக்கும் அதுதானே ஆசை!

1890-இல் தாயார் நோயுற்றதால் ஐடா சிறிது காலத்துக்கென்று மட்டும் திரும்பி வந்தார். பெற்றோர் அப்போது திண்டிவனத்தில் இருந்தனர். நம் ஊரிலிருந்து செஞ்சி வழியாகப் பேருந்தில் ஏறினால் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் போய்ச் சேரும் அதே திண்டிவனம்தான். அங்கே ஓர் இரவு, அவர் தம் அறையில் இருந்தபோது கதவு தட்டப்பட்டது. ஒரு பிராமண இளைஞர் நின்றிருந்தார். தம் இளம் மனைவி பிரசவ வேதனையில் துடிப்பதாகவும், ஐடா வந்து உதவ வேண்டும் என்றும் கேட்டார். ‘எனக்கு மருத்துவம் தெரியாது, என் தந்தை வருவார்’ என்றார் ஐடா. வேற்று ஆடவர் தம் வீட்டுப் பெண்ணைப் பார்ப்பது வழக்கமில்லை என்று அவர் வருத்தத்தோடு திரும்பிவிட்டார். சிறிது நேரத்தில் ஓர் இசுலாமியர் வந்தார். அதே வேண்டுகோள், அதே மறுப்பு. மூன்றாவதாக இன்னொருவரும் வந்தார். அவரும் அப்படியே திரும்பினார்.

அந்த இரவு ஐடா உறங்கவில்லை. விடிந்ததும் தெருவில் சாவுமேளம் கேட்டது. வேலையாளை அனுப்பி விசாரித்தார். மூன்று பெண்களுமே இறந்துவிட்டனர்.

தோழியரே, இந்த இடத்தில் சற்று நிற்போம். ‘நான் என்ன ஆக வேண்டும்?’ என்று கேட்டு ஐடாவுக்கு விடை கிடைக்கவில்லை. ‘இங்கே யாருக்கு என்ன இல்லை?’ என்ற கேள்வி தானாகவே கதவைத் தட்டியது. பெண்களுக்குப் பெண் மருத்துவர் இல்லை. அந்தக் காலையில் அவர் தம் பெற்றோரிடம் சென்று, தாம் அமெரிக்காவில் மருத்துவம் படித்துத் திரும்பி வரப்போவதாகச் சொல்லிவிட்டார்.

ஆனாலும் அவர் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தது 1895-இல்தான். இதற்கு முன்னே ஐந்து ஆண்டுகள் போய்விட்டனவே, அது தள்ளிப்போடுதல் ஆகாதா என்று வகுப்பில் ஒருத்தி கேட்டாள். நல்ல கேள்வி. வள்ளுவரே ‘வினைசெயல்வகை’ அதிகாரத்தில், நிதானித்துச் செய்ய வேண்டியதை நிதானித்துச் செய்யலாம், உடனே செய்ய வேண்டியதில் மட்டும் உறங்கக் கூடாது என்று பிரித்துச் சொல்கிறார். காத்திருப்பது வேறு, கைவிடுவது வேறு என்று எங்களுக்குத் தோன்றுகிறது. முதலில் பிலடெல்பியாவில் பெண்கள் மருத்துவக் கல்லூரியிலும், பிறகு பெண்களையும் சேர்த்துக்கொண்ட கார்னெல் மருத்துவக் கல்லூரியிலும் படித்து 1899-இல் ஐடா பட்டம் பெற்றார். பெண்களுக்கென்று ஒரு மருத்துவமனை கட்ட நியூயார்க் நகரச் செல்வர் ஒருவர், மறைந்த தம் மனைவி மேரி டேபர் ஷெல் நினைவாக 10,000 டாலர் கொடுத்தார். 1900-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஐடா வேலூர் வந்து சேர்ந்தார்.

குறிக்கோள் கிடைத்துவிட்டால் தயக்கமெல்லாம் பறந்துவிடும் என்று மேடையில் பேசுவார்கள். அது முழு உண்மையன்று. ஐடா தம் தந்தையிடம் சில ஆண்டுகள் பயிற்சி பெறலாம் என்ற நம்பிக்கையில்தான் வந்தார். ஆனால் அதே 1900-இல் தந்தை காலமானார். முப்பது வயதுகூட நிரம்பாத பெண் தனியாக நின்றார். முதலில் அவரிடம் வரவே மக்கள் அஞ்சினர். வீட்டின் ஓர் அறையே மருந்தகம். வீட்டில் வேலை செய்த சலோமி என்ற பெண்ணே உதவியாளர். சரியாகச் செய்வோமா என்ற கலக்கம் அவருக்கு இராமலா இருந்திருக்கும்? கலக்கம் தீரட்டும் என்று மட்டும் அவர் காத்திருக்கவில்லை. இரண்டே ஆண்டுகளில் ஐயாயிரம் நோயாளிகளுக்கு மருத்துவம் பார்த்தார் என்கிறார்கள். 1902-இல் நாற்பது படுக்கைகளோடு ஷெல் மருத்துவமனை திறக்கப்பட்டது. 1909-இல் செவிலியர் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. அக்கம்பக்கத்துக் கிராமங்களுக்குச் செல்லும் வழியில் மரத்தடிகளில் வண்டியை நிறுத்தி, அங்கேயே நோயாளிகளைப் பார்க்கும் சாலையோர மருத்துவமும் நடந்தது.

எங்களுக்கு மிகவும் பிடித்தது 1918-ஆம் ஆண்டுக் கதைதான். பெண்களுக்கென ஒரு மருத்துவப் பள்ளி தொடங்க ஐடா அரசிடம் அனுமதி கேட்டார். ஆறு பெண்களாவது விண்ணப்பித்தால் தொடங்கலாம் என்றார் அதிகாரி. அத்தனை பேர் கிடைப்பார்கள் என்ற நம்பிக்கை அவருக்கு இல்லை. வந்த விண்ணப்பங்களோ அதற்குப் பல மடங்கு! அரசுத் தேர்வில் ஆண்களே பெரும்பாலும் தவறும்போது, இந்தப் பெண்கள் தேறாவிட்டால் மனம் உடைந்துவிடக் கூடாது என்று முன்கூட்டியே ஆறுதலும் சொன்னார்களாம். முதல் அணியில் நிலைத்து நின்ற 14 பேரும் 1922-இல் படிப்பை முடித்து மருத்துவர்களாக வெளியே வந்தனர். நம் மீது நமக்கு உள்ள ஐயம் போதாதென்று ஊரார் ஐயத்தையும் சேர்த்துச் சுமந்த பெண்கள் அவர்கள். பதினாறு முழப் புடவையையும் பழக்கவழக்கத்தையும் தாண்டி, எந்தத் துணிவில் அவர்கள் வீட்டை விட்டு வந்தார்களோ! அவர்களைப் பற்றித் தனியாகவே ஒரு புத்தகம் எழுதலாம்.

பள்ளி பட்டப்படிப்புக் கல்லூரியாக உயர வேண்டும் என்ற நெருக்கடி வந்தபோது ஐடாவுக்கு எழுபதை நெருங்கும் வயது. அப்போதும் 1941-இல் அமெரிக்கா சென்று ஊர் ஊராக நிதி திரட்டினார். 1942-இல் எம்.பி.பி.எஸ். வகுப்பு தொடங்கியது. 1947-இல் ஆண்களையும் சேர்த்துக்கொண்டனர். 1960 மே மாதம் கோடைக்கானலில் அவர் மறைந்தார். 2022-இல் இராணிப்பேட்டை மாவட்டத்தில், அவர் பிறந்த ஊருக்கு அருகே, அந்த மருத்துவமனையின் புதிய வளாகம் ஒன்று திறக்கப்பட்டது.

அதே வேலூரில் இன்னொருவர். டாக்டர் மேரி வர்கீஸ், 1925-இல் கொச்சியில் பிறந்தவர். இளம் மருத்துவராக இருந்தபோது 1954-இல் நடந்த ஒரு வாகன விபத்தில் அவருடைய கால்கள் செயலிழந்தன. ‘இனி நான் யாருக்கு என்ன பயன்?’ என்று அவர் உடைந்துபோயிருந்த வேளையில், டாக்டர் பால் பிராண்ட் ஒரு வழி காட்டினார். தொழுநோயாளிகளின் நரம்பு பழுதுபட்டு விரல்கள் கொக்கிபோல் மடங்கிவிடும். நல்ல நிலையில் உள்ள ஒரு தசைநாணை இடம் மாற்றி விரல்களோடு இணைத்தால் அவை மீண்டும் நிமிரும். இந்த அறுவை மருத்துவத்தை உட்கார்ந்தபடியே செய்யலாம் அல்லவா? கால்கள் இல்லாவிட்டால் என்ன, கைகள் இருக்கின்றனவே! சக்கர நாற்காலியில் அமர்ந்து அவர் மற்றவர்களின் கைகளைச் சீராக்கினார். பிறகு நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று வந்து, வேலூரில் அதற்கென்றே ஒரு துறையை நடத்தினார். 1972-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

இனி எங்கள் கதை. மாதம் ஒரு முறை சனிக்கிழமையில் நாங்கள் ஒரு முதியோர் இல்லத்துக்குச் செல்வதுண்டு. சென்ற ஆண்டு ஜூலையில் அங்கே ஒரு பாட்டி எங்களில் ஒருத்தியின் கையைப் பிடித்துக்கொண்டார். “ஒரு லெட்டர் எழுதித் தர்றியா கண்ணு? எம் பையனுக்கு. அவம்மேல எனக்குக் கோவம் இல்லேன்னு மட்டும் எழுதினா போதும்” என்றார். போன் செய்து தரட்டுமா பாட்டி என்று கேட்டோம். போனில் பேசினால் அழுகை வந்துவிடும், கடிதம்தான் வேண்டும் என்றார்.

“அடுத்த தடவை எழுதித் தர்றோம் பாட்டி” என்றோம். உண்மையில் அன்றைக்கு நேரம் இல்லாமல் இல்லை. ஒரு தாய் மகனுக்கு எழுதும் இவ்வளவு பெரிய விஷயத்தை எங்களுக்கு எழுதத் தெரியுமா என்ற பயம்தான். நல்ல நடையில் எழுத வேண்டும், தமிழ் அம்மாவிடம் காட்டித் திருத்த வேண்டும் என்று பேசிக்கொண்டோம். ஆகஸ்டில் மாதிரி எழுதிப் பார்த்துக் கிழித்தோம். செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு. அக்டோபரில் மழை. நவம்பரில் தீபத்துக்கு ஊரெல்லாம் கூட்டம், பேருந்து கிடைக்கவில்லை. தீபத்தின்போது கொப்பரையை முதல் நாளே மலைக்குச் சுமந்து செல்கிறார்கள். நெய்யும் திரியும் அப்படியே மேலே போகின்றன. மறுநாள் மாலை ஆறு மணி என்பது யாருக்காகவும் காத்திராது. அதை ஆண்டுதோறும் பார்க்கும் ஊர்க்காரிகள்தான் நாங்கள்!

டிசம்பரில், கிறிஸ்துமஸ் கேக் எடுத்துக்கொண்டு போனபோது அந்தக் கட்டிலில் வேறொரு பாட்டி படுத்திருந்தார்.

சிஸ்டர் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. பாட்டியின் மகன் காரியங்களுக்கு வந்து போனதாகச் சொன்னார்கள். அவரிடம் சொல்ல வேண்டிய ஒரு வரி எங்களிடம் இருந்தது என்பது அவருக்குத் தெரியாது. முகவரியை இல்லத்தின் பதிவேட்டிலிருந்து கேட்டு வாங்கி, பாட்டி சொன்னதை அவர் சொன்ன சொற்களிலேயே எழுதி அனுப்பினோம். எழுதுவதற்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. பதில் வரவில்லை. வர வேண்டும் என்று எதிர்பார்க்கவும் எங்களுக்கு உரிமை இல்லை.

இப்போது சனிக்கிழமைகளில் போகும்போது எங்கள் பையில் இன்லேண்ட் கடிதங்களும் இரண்டு பேனாக்களும் இருக்கின்றன. சென்ற மாதம் மூன்று கடிதங்கள் எழுதினோம். ஒன்று மருமகளுக்கு, ஒன்று பழைய பக்கத்து வீட்டுக்காரருக்கு, ஒன்று பென்ஷன் அலுவலகத்துக்கு. மருமகளுக்கு எழுதியதில் ஓர் எழுத்துப் பிழை இருப்பதை ஒட்டிய பிறகுதான் பார்த்தோம். அப்படியே தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்தோம்.