சிங்கத்தைக் காணச் சீமானாக வேண்டுமா?

ஆப்பிரிக்கக் காடு என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவது திறந்த ஜீப்பும், அதில் தொப்பியணிந்து அமர்ந்திருக்கும் செல்வந்தர்களும், எதிரே சோம்பல் முறிக்கும் சிங்கமுமே. ஆனால், ‘சஃபாரி’ என்னும் சுவாகிலிச் சொல்லுக்குப் ‘பயணம்’ என்பதே பொருள். அச்சொல்லில் ஜீப்பும் இல்லை, செல்வமும் இல்லை.

விலங்கியல் பயிற்றுவிக்கும் நான், இரு கோடை விடுமுறைகளில் முதுகுப்பை ஒன்றுடன் கென்யாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் சில பூங்காக்களைக் கண்டு வந்தேன். சுற்றுலா நிறுவனம் எதனையும் நாடவில்லை. அங்குக் கற்றவற்றை நம் மாணவர்களுக்குப் பயன்படும் வகையில் முறைப்படுத்திக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

செலவைப் பகுத்தறிதல்

இப்பயணத்தின் செலவினங்கள் ஐந்து: விமானக் கட்டணம், பூங்கா நுழைவுக் கட்டணம், வண்டி, தங்குமிடம், உணவு. முதல் இரண்டும் நம் கையில் இல்லை. பின்னைய மூன்றும் நம் கையில் உள்ளவை. அவற்றுள்ளும் வண்டியே பெருஞ்செலவு. எனவே, வண்டிச் செலவைக் குறைக்கும் வழிகளை முதலில் காண்போம். அவை மூன்று.

நடந்து காணும் பூங்கா

பெரும் பூங்காக்களில் வண்டியைவிட்டு இறங்குதல் குற்றம். இதற்கு விலக்காக அமைந்தது கென்யாவின் ‘ஹெல்ஸ் கேட்’ தேசியப் பூங்கா. நைவாஷா ஏரிக்கருகில், 1984இல் நிறுவப்பட்டது. பரப்பு ஏறத்தாழ 68 சதுர கிலோமீட்டர். இங்கு நடந்தும் செல்லலாம், மிதிவண்டியிலும் செல்லலாம். நைரோபியிலிருந்து ‘மட்டாட்டு’ எனப்படும் பயணிகள் வேனில் நைவாஷா சென்று, அங்கிருந்து வேறொன்றில் ஏறி, பூங்காவின் அருகில் மிதிவண்டியை வாடகைக்கு எடுத்துக்கொண்டேன்.

வரிக்குதிரை, ஒட்டகச்சிவிங்கி, காட்டெருமை, காட்டுப்பன்றி ஆகியவை அங்கு மேய்கின்றன. ஜீப்பில் கிட்டாத பாடம் ஒன்று எனக்கு அங்குக் கிட்டியது. மனிதன் நெருங்கும்போது விலங்கு ஓடத் தொடங்கும் இடைவெளியைத் ‘தப்பியோடும் தூரம்’ என்று ஸ்விட்சர்லாந்து அறிஞர் ஹைனி ஹெடிகர் விளக்கியதை வகுப்பில் பலமுறை கூறியிருக்கிறேன். மிதிவண்டியை நிறுத்திவிட்டு நான் மெல்ல நடந்தபோது வரிக்குதிரைகள் முதலில் தலை நிமிர்த்தின, அடுத்து மேய்ச்சலை நிறுத்தின, பின்னரே விலகின. வண்டி ஒன்று வந்தபோதோ, இன்னும் நெருங்கவிட்டன. நூலில் ஒரு வரியாக இருந்தது கண்முன் உயிர்பெற்றது.

எனினும் எச்சரிக்கை வேண்டும். காட்டெருமையைக் கண்டால் விலகிச் செல்வதே அறிவுடைமை. அங்குள்ள குறுகிய மலைப்பிளவு அழகியதாயினும், 2012இலும் 2019இலும் திடீர் வெள்ளத்தில் பலர் உயிரிழந்த இடம் அது. மழைக் குறி தென்பட்டால் அதனுள் இறங்கலாகாது.

இரயில் வழி

நைரோபிக்கும் மொம்பாசாவுக்கும் இடையே 2017இல் புதிய இரயில்பாதை திறக்கப்பட்டது. அது 1948இல் நிறுவப்பட்ட சாவோ பூங்காவின் வழியே செல்கிறது. விலங்குகள் கடந்து செல்லப் பாதையின் அடியில் வழிகள் விடப்பட்டுள்ளன. செம்மண் பூசிய யானைகளை இரயில் சன்னலிலிருந்தே நான் கண்டேன். வோய் நிலையத்தில் இறங்கினால் பூங்கா அருகிலேயே உள்ளது. அங்கு வண்டி தேவைதான். ஆனால், தங்குமிடத்தில் சந்திக்கும் பிற பயணிகளுடன் பகிர்ந்துகொண்டால் சுமை குறையும். 1898இல் இதே சாவோவில் பழைய இரயில்பாதைக்குப் பாலம் கட்டிய தொழிலாளர்களை இரண்டு சிங்கங்கள் கொன்று தின்றன. அத்தொழிலாளர்களுள் பலர் இந்தியாவிலிருந்து சென்ற ஏழைகள் என்பதையும் இங்கு நினைவுகூர வேண்டும்.

நாமே ஓட்டும் வண்டி

தென்னாப்பிரிக்காவின் குரூகர் பூங்கா ஏறத்தாழ 19,500 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. 1926இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. இங்கு நல்ல சாலைகள் உண்டு. எளிய சிறு காரே போதும். நால்வர் சேர்ந்து வாடகைக்கு எடுத்தால் செலவு நான்கில் ஒன்றாகிறது. தார்ச்சாலையில் மணிக்கு 50, மண்சாலையில் 40 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டக்கூடாது. மாலையில் வாயில் அடைக்கப்படுமுன் முகாம் திரும்ப வேண்டும்.

நம் கோடை விடுமுறை அங்கே வறண்ட குளிர்காலமாகும். புதர்கள் இலையுதிர்த்து நிற்க, விலங்குகள் நீர்நிலைகளை நாடி வரும். ஊரெல்லாம் சுற்றி எரிபொருளைச் செலவிடுவதைவிட, ஒரு நீர்நிலையருகே இரண்டு மணிநேரம் காத்திருப்பதே மேல். பொறுமைக்குக் கட்டணம் இல்லை.

கூடாரமும் உணவும்

குரூகரின் முகாம்களில் வேலியிட்ட கூடாரத் திடல், குளியலறை, பொதுச் சமையலிடம் ஆகியவை உள்ளன. கென்யாவில் எளிய உணவகங்களில் சப்பாத்தியும் பாசிப்பயற்றுக் குழம்பும் கிடைப்பதால் மரக்கறி உண்பவர்க்கும் குறையில்லை. அங்கு மிகுதியாக உண்ணும் கீரைக்குச் ‘சுகுமா விக்கி’ என்று பெயர். ‘வாரத்தைத் தள்ளு’ என்பது அதன் பொருள்! சம்பளம் வரும்வரை வாரத்தைத் தள்ளும் கலை நமக்கும் புதிதன்று.

புறப்படுமுன்

கென்யா சென்று இந்தியா திரும்புவோர்க்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று கட்டாயம். பயணத்துக்குக் குறைந்தது பத்து நாட்களுக்கு முன் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். சென்னை கிண்டி கிங் நிறுவனத்தில் போடுகிறார்கள். மலேரியாத் தடுப்பு மருந்தை மருத்துவரிடம் கேட்டறிக. கென்யாவில் நெகிழிப் பைகள் 2017 முதல் தடை செய்யப்பட்டுள்ளன. துணிப்பையே எடுத்துச் செல்க.

யார் நிலம்? யார் கட்டணம்?

சிக்கனம் பேசும்போது ஒரு கேள்வி எழுகிறது. எதில் சிக்கனம்? குரூகரின் முதல் காப்பாளர் ஸ்டீவன்சன்-ஹாமில்டனுக்கு அப்பகுதி மக்கள் இட்ட பெயர் ‘ஸ்குகூசா’. ‘பெருக்கித் தள்ளியவர்’ என்பது அதன் பொருள். அங்கு வாழ்ந்த மக்களை அவர் வெளியேற்றியதன் நினைவு அது. இன்று பூங்காவின் தலைமை முகாமுக்கு அதுவே பெயர். வடகோடியில் வாழ்ந்த மகுலேகே மக்கள் 1969இல் வலிந்து அகற்றப்பட்டனர். இனவொதுக்கல் ஆட்சி ஒழிந்த பின், 1998இல் நிலம் அவர்களுக்கே மீண்டது. அவர்கள் அதை உழவில்லை. காடாகவே காத்து, அதன் வருவாயைப் பெற முடிவு செய்தனர்.

இதை அறிந்தபின் என் கணக்கு மாறியது. நுழைவுக் கட்டணம் வீண் செலவன்று. வேலியும் காவலும் அதனால் நிற்கின்றன. 2020இல் பெருந்தொற்றால் பயணிகள் வராதபோது பூங்காக்களின் வருவாய் சுருங்கி, காவற்பணி தடுமாறியதை உலகம் கண்டது. உள்ளூர் வழிகாட்டிக்குத் தரும் கூலியிலும் பேரம் பேசலாகாது. நாம் விடவேண்டியது ஆடம்பரத்தை. பிறர்க்குரிய கூலியை அன்று.

சீமானாக வேண்டியதில்லை. நடக்கக் கால்களும், காத்திருக்கப் பொறுமையும், பல ஆண்டுச் சேமிப்பும் இருந்தால் போதும். விலங்கியலும் புவியியலும் பயிலும் நம் மாணவர்கள், இன்றே ஒரு நிலப்படத்தை விரித்து, வோய் எங்கே, நைவாஷா எங்கே என்று தேடத் தொடங்கலாம். பயணம் அங்கிருந்தே தொடங்குகிறது.