கூரை ஏறத் தெரிந்தவருக்கு ஒரு கேரியர்

நாகர்கோவிலில் சிவில் டிப்ளமோ முடித்தவர்களுக்குப் பஞ்சமில்லை. பாதிப் பேர் கல்ஃப் விசாவுக்கும், மீதிப் பேர் டி.என்.பி.எஸ்.சி. அறிவிப்புக்கும் காத்திருக்கிறார்கள். அந்த வரிசையில் கடைசி ஆளாக நிற்பானேன்? இன்ஷூரன்ஸ் சர்வேயர் லைசென்ஸ் பக்கம் கொஞ்சம் திரும்புங்கள்.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் வந்து ரப்பரையும் வாழையையும் மின்கம்பங்களையும் சாய்க்கும்வரை, புயல் என்றால் கடலூர், நாகப்பட்டினத்துச் சமாச்சாரம் என்றே இங்கே பலர் நினைத்திருந்தார்கள். 2021 ஏப்ரல் 1 முதல் ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்ற பொதுவான வீட்டு பாலிசி வந்துவிட்டது. புயல் சேதமும் அதில் அடக்கம். பெரிய க்ளெய்ம் வந்தால் ஒருவர் ஏறிப் பார்த்து எழுதியாக வேண்டும். அந்த ஒருவர் நீங்களாக இருங்கள்.

1. முதலில் லைசென்ஸ். டிப்ளமோ போதும். சீனியர் சர்வேயரிடம் ஓராண்டு பயிற்சி, இன்ஷூரன்ஸ் இன்ஸ்டிட்யூட் ஆஃப் இந்தியாவின் தேர்வு, அப்புறம் இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் உரிமம். கார் பம்பரை மட்டுமே பார்க்கும் சீனியரிடம் சேராதீர்கள். வீடுகள் ‘ஃபயர்’ பிரிவில் வரும். அதில் கை தேர்ந்தவரைப் பிடியுங்கள்.

2. கூரையைப் படிக்கப் பழகுங்கள். காற்று கூரையை அமுக்குவதைவிடத் தூக்கித்தான் பிய்க்கிறது. ஆகவே இறவாரம் எவ்வளவு நீட்டியிருக்கிறது, கழுக்கோல் சுவரோடு கட்டப்பட்டிருக்கிறதா, வெறுமனே உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். குளச்சல், முட்டம் பக்கம் மொட்டை மாடித் தகர ஷீட்டின் ஜே போல்ட்டை உப்புக்காற்று தின்றிருக்கும். விரலால் ஆட்டிப் பாருங்கள். ஐ.எஸ். 15498, ஐ.எஸ். 875 மூன்றாம் பாகம் என்ற இந்தியத் தர விதிகள் இரண்டையும் வாங்கி வையுங்கள். இரண்டாவதில் அடிப்படைக் காற்று வேகம் சென்னைக்கு நொடிக்கு 50 மீட்டர், திருவனந்தபுரத்துக்கு 39. எண் சின்னது என்று ஏமாறாதீர்கள். மலையும் முகடும் இருக்கும் இடத்துக்கு அதைக் கூட்டிக் கணக்கிடச் சொல்வதும் அதே விதிதான். ஆரல்வாய்மொழியில் காற்றாலைகள் சும்மா நிற்கவில்லை.

3. போட்டோதான் உங்கள் சம்பளம். உடைந்த ஓட்டின் விளிம்பு செக்கச்செவேலென்று இருந்தால் புது உடைப்பு; பாசி ஏறியிருந்தால் பழைய விரிசல். தேய்மானத்துக்கு பாலிசி பணம் தராது. இந்த ஒரு க்ளோஸ்-அப்பைத் தவறவிடும் ஆளுக்குக் கம்பெனி அடுத்த ஃபைலைத் தர யோசிக்கும்.

4. சைடு வருமானமும் உண்டு. அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் கூரைப் பிணைப்பு, ஜன்னல் பாதுகாப்பு போன்றவற்றைச் சோதித்து அரசுப் படிவத்தில் எழுதிக் கொடுத்தால் பிரீமியம் குறையும். நம்மூரில் அந்தத் தள்ளுபடியை எதிர்பார்க்காதீர்கள், யாருக்கும் வாக்கும் கொடுக்காதீர்கள். ஆனால் வீட்டைப் பூட்டிவிட்டு துபாயில் இருப்பவருக்கு, ஐப்பசி மழைக்கு முன்னால் போட்டோவோடு ஒரு கூரை ரிப்போர்ட் பெரிய நிம்மதி. காசு கொடுப்பார். ஒன்று மட்டும்: அப்படிக் காசு வாங்கிய வீட்டின் க்ளெய்மை நீங்களே சர்வே செய்யாதீர்கள். மாட்டினால் லைசென்ஸுக்கே ஆபத்து.

5. ஏணியைச் சொந்தமாகக் கொண்டு போங்கள். “எவ்வளவு கிட்டும் மக்ளே?” என்று பாட்டி கேட்பார். தொகை சொல்லாதீர்கள்; எந்தெந்த பேப்பர் வேண்டும் என்று மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டு இறங்குங்கள். அன்றைக்கு ராத்திரியே முதல் ரிப்போர்ட் மெயிலில் போகட்டும். மறுநாள் அனுப்ப இன்னொரு சர்வேயர் எப்போதும் தயாராக இருப்பார்.