சிறைநாள் குறைவது எவ்வாறு?

பதுளைச் சிறைச்சாலைக்கு மகனைப் பார்க்கப் போகும் தாய்மார், பசறையிலும் மடுல்சீமையிலும் விடியற்பஸ் பிடித்து வருகிறார்கள். எம்மிடம் அவர்கள் கேட்பது ஒரே கேள்வி: "எங்க மகன் எப்பங்க வருவான், பாதர்?"

நீதிமன்றம் இரண்டு வருடம் விதித்தால் இரண்டு வருடமும் உள்ளேயே கழியவேண்டும் என்பதில்லை. ஒழுங்காக நடந்து, கொடுத்த வேலையைச் செய்யும் கைதி நாட்களைச் சம்பாதிக்கிறார். இதுவே தண்டனைக் குறைப்பு. 1840இல் நோர்போக் தீவுச் சிறைக்குப் பொறுப்பாக வந்த அலெக்சாண்டர் மக்கொனொக்கி, உழைப்புக்கும் நடத்தைக்கும் புள்ளி கொடுத்து, புள்ளி சேர்ந்தால் விடுதலை என்ற முறையை அங்கே நடத்திப் பார்த்தார். எமது நாட்டில் 1877ஆம் ஆண்டின் சிறைச்சாலைகள் கட்டளைச் சட்டமும் அதன் விதிகளும் இதற்கு இடமளிக்கின்றன.

கணக்குப் பழகுவதற்காக மாதத்துக்கு 5 நாள் என்று வைத்துக்கொள்வோம். 24 மாதத்தில் 120 நாள், அதாவது நான்கு மாதம். உங்கள் மகனுக்குரிய சரியான எண்ணைச் சிறைச்சாலை நலன்புரி உத்தியோகத்தரிடம் கேளுங்கள். உள்ளே சண்டை, களவு, கஞ்சா என்று குற்றம் செய்தால் சேர்த்த நாள் பறிபோகும்.

இதற்கு ஒருவரும் பணம் கொடுக்க வேண்டியதில்லை. "நாள் வெட்டித் தருகிறேன்" என்ற ஒருவனிடம் காதுத்தோட்டைக் கழற்றிக் கொடுத்த தாயை நாம் அறிவோம். ஒரு நாளும் குறையவில்லை, தோடும் திரும்பவில்லை.

சுதந்திர தினம், வெசாக், நத்தார் நாட்களில் வரும் பொதுமன்னிப்பு வேறு. அது அரசியலமைப்பின் 34ஆம் உறுப்புரைப்படி ஜனாதிபதி வழங்குவது. எந்தக் குற்றத்துக்குப் பொருந்தும், எதற்குப் பொருந்தாது என்பது ஒவ்வொரு முறையும் அறிவிக்கப்படும்.

தோட்டங்களில் நாம் அதிகம் காண்பது கசிப்பு வழக்கு. தண்டப்பணம் கட்ட வழியின்றி உள்ளே போகிறார்கள். முழுத் தொகையும் இல்லையே என்று வீட்டார் சும்மா இருந்துவிடுகிறார்கள். அது தவறு. கழித்த நாட்களும் பணமாகவே எண்ணப்படும். 6,000 ரூபா, தவறினால் 90 நாள் என்று தீர்ப்பானால், 30 நாள் கழிந்தபின் 4,000 ரூபா கட்டினால் போதும். அறுபது நாள் கழிந்துவிட்டால் 2,000.

விளக்கமறியலில் இருப்பவருக்கு இன்னும் தண்டனையே இல்லை, ஆகவே குறைக்கவும் ஒன்றுமில்லை. அவருக்கு வேண்டியது பிணை. சட்டத்தரணிக்கு வசதியில்லாதவர் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

நீண்ட தண்டனை பெற்றவருக்கு வீட்டு விடுமுறையும், அனுமதிப்பத்திரத்தில் முன்கூட்டிய விடுதலையும் உண்டு. இங்கேதான் இடம்பெயர்ந்த குடும்பங்கள் இடறுகின்றன. ஆளை விடுமுன், போகும் வீடு எது, ஏற்பவர் யார் என்று விசாரிப்பார்கள். 2014இல் மீரியபெத்த லயங்கள் மண்ணுக்குள் போனபோது அந்த விலாசங்களும் போயின. சிறைப் பதிவில் பழைய லயத்து இலக்கம் இருந்து, நீங்கள் உறவினர் வீட்டிலோ முகாமிலோ இருந்தால், விசாரிக்க வருபவர் வெறுங்கையோடு திரும்புவார்.

ஆகவே இடம் மாறியவுடன், இப்போதிருக்கும் பிரிவின் கிராம உத்தியோகத்தரிடம் வதிவிடச் சான்று பெறுங்கள். அதன் பிரதியை, கைதியின் பெயரும் இலக்கமும் எழுதி, நலன்புரி உத்தியோகத்தரிடம் நேரில் கொடுங்கள். மகனுக்கும் புது விலாசத்தைச் சொல்லிவையுங்கள், அவனிடமும் கேட்பார்கள்.