தாயின் மனச்சோர்வு பரம்பரை வருத்தமா?

மாதவிடாய் நின்ற பின் ஒரு தாய் சோர்ந்து போகிறாள். விடியுமுன்னரே விழிப்பு வந்துவிடுகிறது. உணவில் விருப்பமில்லை. பேரப்பிள்ளையைக் கண்டும் மகிழ்ச்சியில்லை. செபமாலையைக் கையிலெடுத்தாலும் மனம் ஒன்றுவதில்லை. வீட்டாரோ இதனைப் பிறர் அறியாமல் மறைக்கின்றனர். பரம்பரை வருத்தம் என்று ஊர் அறிந்தால் மகளின் கலியாணப் பேச்சுக் குழம்பிவிடும் என்பது அவர்களின் பயம். அன்பான வாசகர்களே, இந்தப் பயத்தில் உண்மை எவ்வளவு என்று பார்ப்போம்.

பரம்பரைக்குப் பங்கு உண்டு

சுவீடன் நாட்டில் 42,000க்கு மேற்பட்ட இரட்டையரை ஆராய்ந்து, 2006ஆம் ஆண்டில் ஒரு முடிவை வெளியிட்டனர். மனச்சோர்வு ஒருவருக்கு வருவதும் இன்னொருவருக்கு வராததுமான வேறுபாட்டில், பெண்களிடையே ஏறத்தாழ 42 சதவீதமும் ஆண்களிடையே 29 சதவீதமும் பரம்பரையைச் சார்ந்தது என்பதே அம்முடிவு. இது வாழ்நாள் முழுவதற்குமான கணக்கு. நோயுற்ற தாயின் மகளுக்கும் அந்நோய் வந்தே தீரும் என்பது இதன் பொருளன்று. இழப்பு, தனிமை, உடல்நோய் என்பவற்றுக்கும் பெரும் பங்கு உண்டு.

மேலும், இந்நோய்க்கென்று தனியொரு பரம்பரை அலகு இல்லை. 2019இல் வெளியான பெரிய ஆய்வொன்று, இதனோடு தொடர்புடைய 102 பரம்பரை வேறுபாடுகளைக் கண்டது. ஒவ்வொன்றின் வலிமையும் மிகச் சிறிது. இவற்றுட் சில எல்லாக் குடும்பங்களிலும் உண்டு. சம்பந்தம் பேச வரும் வீட்டாரிடமும் உண்டு.

வயதின் பங்கு

மாதவிடாய் பெரும்பாலும் 45 வயதுக்கும் 55 வயதுக்கும் இடையில் நிற்கிறது. அதனை அண்டிய ஆண்டுகளில் ஈஸ்திரோஜன் என்னும் ஓமோன் ஏறியிறங்குவதால் உறக்கமும் மனநிலையும் குழம்பலாம். முன்னர், இளமையிலோ பிள்ளைப்பேற்றின் பின்னரோ மனச்சோர்வுற்றவர்களுக்கு அது மீண்டும் வரும் வாய்ப்பு அதிகம். முதுமையிலே முதன்முறையாக வருமாயின், பொதுவாகப் பரம்பரையின் பங்கு குறைவு. தைரொயிட் குறைபாடு, இரத்தக்குழாய் நோய், கணவரின் மறைவு போன்றவை காரணமாகலாம். எனவே குடும்ப வரலாற்றை வைத்தியரிடம் மறைக்கலாகாது. மறைத்தால், குணமாகக்கூடிய நோயைத் தாய் வீணே சுமப்பாள். மகளும் தன் காலத்தில் எச்சரிக்கையாயிருக்க அறியமாட்டாள்.

விசுவாசக் குறைவா?

பிறவிக் குருடனைக் கண்ட சீடர்கள், பாவம் செய்தது இவனா, இவன் பெற்றோரா என்று வினவினர். இருவருமல்லர் என்றார் ஆண்டவர் (யோவான் 9). சாவை விரும்பிப் படுத்திருந்த எலியா இறைவாக்கினரை வானதூதர் கடிந்துகொள்ளவில்லை. உண்ணக் கொடுத்து, மீண்டும் உறங்கவிட்டார் (1 அரசர் 19). ஆகவே "இன்னும் செபித்தால் சரியாகும்" என்று நோயாளியைக் குற்றவாளியாக்க வேண்டாம். அவருக்காக நாம் செபிப்போம். வைத்தியசாலைக்கும் கூட்டிச் செல்வோம்.

சோர்வு இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் வைத்தியரை நாடுங்கள். சாவைப் பற்றிப் பேசினால் அன்றே நாடுங்கள். அதுவரை அவரைத் தனியே விடாதீர்கள்.

குடும்பமாகச் சிந்திக்க

1. நம் குடும்பத்தில் மனச்சோர்வுற்றவர் எவரேனும் இருந்தாரா? பிள்ளைகள் அதை அறிவார்களா?
2. நம் தாய் கடைசியாக எப்போது மனம்விட்டுச் சிரித்தார்?