சுட்ட பித்தளைக் கூட்டைப் பழைய அளவுக்குக் கொண்டுவர 12 குறிப்புகள்

அமெரிக்காவில் ரைபிள் பயிற்சிக்குப் போகிற பலர், தெறித்து விழும் பித்தளைக் கூடுகளைப் பொறுக்கிவந்து, வீட்டு கராஜிலேயே மறுபடி தோட்டாவாக்கிக்கொள்கிறார்கள். சொந்த உபயோகத்துக்கு என்றால் அங்கே மத்திய அரசின் உரிமம் வேண்டியதில்லை. இந்தியாவில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது குற்றம். ஆகவே இவை அனுமதி உள்ள இடத்துக்கான குறிப்புகள்.

சுடும்போது கூடு உப்பி, தோட்டா அமரும் சேம்பரின் சுவரோடு ஒட்டுகிறது. பிறகு சற்றே சுருங்கினாலும் பழைய அளவுக்குத் திரும்புவதில்லை. போல்ட் ஆக்‌ஷன் ரைபிளில் கூடு தடித்திருந்தால், போல்ட்டை மூடும்போதே கை உணர்ந்துவிடும். செமி ஆட்டோவில் மூடுவது ஸ்பிரிங். அதற்கு அந்த உணர்வு கிடையாது. கை உணர வேண்டியதை நாம் மேசையிலேயே அளந்து பார்த்துவிட வேண்டும்.

1. கூட்டின் அடியில் உள்ள முத்திரையைப் பார்த்து, தயாரிப்பாளர் வாரியாகவும், எத்தனை முறை சுட்டது என்ற கணக்குப்படியும் தனித்தனி டப்பாக்களில் போடுங்கள். சுவரின் கனமும் கடினமும் மாறினால், கூட்டைச் சுருக்கும் அச்சான டையிலிருந்து வெளிவரும் அளவும் மாறும்.

2. மறுஅளவாக்கும் முன்பே கழுவிக் காயவிடுங்கள். ஒட்டியிருக்கும் ஒரு மணல்துகள் போதும், டையின் உட்புறத்தில் கீறல் விழ. மருந்தைப் பற்றவைக்கும் ப்ரைமரின் கசடில் ஈயம் உண்டு. எனவே சமையலறைத் தொட்டியும் பாத்திரமும் இதற்கு வேண்டாம். குழந்தைகளைத் தள்ளி வையுங்கள். வேலை முடிந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள்.

3. அம்மோனியா கலந்த பாலிஷ் கூடவே கூடாது. ஆங்கிலேயர் காலத்து இந்தியாவில், மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த தோட்டாக்களின் பித்தளையில் விரிசல் விழுந்தது. குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அம்மோனியாதான் காரணம். குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்க்கிற பழக்கத்தில் கூடுகளை இரவு முழுக்கப் புளிப்பில் ஊறவைக்கவும் வேண்டாம். இது 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் சேர்ந்த பித்தளை. இளஞ்சிவப்பு தட்டினால், மேற்பரப்பில் துத்தநாகம் கரைந்துவிட்டது என்று பொருள்.

4. மசகு இல்லாமல் ஒரு கூட்டைக்கூட டைக்குள் செலுத்தாதீர்கள். சிக்கிக்கொண்டால் துளையிட்டுத்தான் எடுக்க வேண்டும். கார்பைடு டையானாலும் ரைபிள் கூட்டுக்கு மசகு அவசியம். லனோலின் 1 பங்கு, ஐசோபுரோபைல் ஆல்கஹால் 12 பங்கு கலந்து தெளிக்கலாம். காற்றோட்டமான இடத்தில், நெருப்புக்கு எட்டத் தெளித்து, ஆல்கஹால் முழுதும் ஆவியான பிறகே வேலையைத் தொடங்குங்கள்.

5. மசகு அதிகமானாலும் கெடுதல்தான். கழுத்துக்குக் கீழே சரியும் தோள் பகுதியில் தேங்கினால் அங்கே பள்ளம் விழும். கழுத்தின் உட்புறத்துக்கு மட்டும் பிரஷ்ஷால் லேசாகத் தடவுங்கள். உள்ளே வறண்டிருந்தால், டையின் உள்ளே கழுத்தை விரிக்கும் உருண்டை வெளிவரும்போது கிறீச்சிடும். கழுத்தோடு தோளையும் இழுத்து நீட்டிவிடும்.

6. கழுத்தை மட்டும் சுருக்கும் டை போல்ட் ஆக்‌ஷனோடு நிற்கட்டும். செமி ஆட்டோவுக்கு அடிமுதல் கழுத்துவரை சுருக்கும் முழுநீள டைதான் வேண்டும்.

7. தோளை 0.003 முதல் 0.004 அங்குலம் பின்தள்ளினால் போதும். குறைந்தால் போல்ட் முழுதாகப் பூட்டாது. அதிகமானால் ஒவ்வொரு முறை சுடும்போதும் கூடு நீண்டு, அடிப்பக்கம் மெலிந்து, ஒருநாள் இரண்டாகப் பிரியும். டையைக் கால்சுற்றுக்கும் குறைவாகவே திருப்பித் திருப்பி அளந்து பாருங்கள்.

8. டையிலிருந்து வந்த கூட்டை, அளவைச் சரிபார்க்கும் கேஸ் கேஜில் போடுங்கள். தன் எடையிலேயே இறங்கி, கவிழ்த்ததும் தானே விழ வேண்டும். அடிப்பக்கம் மட்டும் பிடித்தால், அந்தப் பகுதியை இன்னும் சற்று இறுக்கும் ‘ஸ்மால் பேஸ்’ டையை நாடலாம். எல்லா ரைபிளுக்கும் அது தேவைப்படாது.

9. மசகைத் துடைத்த பிறகு நீளத்தை அளந்து பாருங்கள். டைக்குள் போய்வந்த கூடு நீண்டிருக்கும். .223 ரெமிங்டன் 44.70 மி.மீ.க்கு மேல் போனால் 44.45-க்கு வெட்டுங்கள். .308 வின்செஸ்டருக்கு 51.18 மி.மீ. எல்லை, வெட்டும் அளவு 50.93. நீண்ட கழுத்து சேம்பர் முனையில் முட்டிக் குண்டை இறுக்கும். அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறும்.

10. பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, நுனியை மட்டும் வளைத்து, கூட்டின் உட்சுவரை அடியிலிருந்து மேலாக வருடுங்கள். எங்கேயாவது பள்ளத்தில் இடறினால் அந்தக் கூடு அத்தோடு சரி. வெளியே அடியைச் சுற்றிப் பளிச்சென்ற வளையம் தெரிந்தாலும் இந்தச் சோதனையைச் செய்யுங்கள்.

11. ராணுவக் கூடுகளில் ப்ரைமர் குழியின் விளிம்பை நசுக்கியிருப்பார்கள். அதைச் சீராக்காமல் புது ப்ரைமரை அழுத்தினால் துருத்திக்கொண்டு நிற்கும். எம்1 கேரண்ட், ஏஆர்-15 இரண்டிலும் ஃபயரிங் பின் தளர்வாக மிதப்பது. போல்ட் மூடும்போது ப்ரைமரை லேசாகத் தட்டும். துருத்திய ப்ரைமரும் சரியாகச் சுருங்காத கூடும் சேர்ந்தால், பூட்டுமுன்பே தோட்டா வெடிக்கக்கூடும். ஒவ்வொரு ப்ரைமரும் விளிம்புக்குக் கீழே இறங்கியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

12. கழுத்து பிளந்தது, ப்ரைமர் குழி தளர்ந்தது, கிளிப் இடறியது என எது கழிந்தாலும் உடனே இடுக்கியால் வாயை நசுக்கி, பழைய பித்தளை டப்பாவில் போடுங்கள். நசுக்காமல் வைத்தால், அடுத்த வாரம் நீங்களே அதை நல்ல கூடு என்று எடுத்துவிடுவீர்கள்.