இளைஞர் மனநோயும் ஊரார் கடமையும்

நெற்பயிரில் இலையின் நிறம் மாறினால் உழவர் அன்றே வயலில் இறங்கிப் பார்க்கிறார். வீட்டில் வளரும் பிள்ளையின் போக்கு மாறினாலோ, "வயதுக் கோளாறு" என்று மாதக்கணக்கில் வாளாவிருந்து விடுகிறோம். இத்தாமதமே பெருங்கேடு. மனநோய்களுள் ஏறக்குறையப் பாதி 18 வயதிற்குள்ளேயே தொடங்கி விடுகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. தொடக்கத்திலேயே மருத்துவம் செய்தால் நலம் பெறும் வாய்ப்பு மிகுதி.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள் இவை:

1. உறக்கமின்மை, படிப்பிலும் வேலையிலும் நாட்டம் குறைதல்.
2. உற்றாரை விட்டு ஒதுங்குதல். குளிப்பதிலும் உடுப்பதிலும் கருத்தின்மை.
3. பிறர் தமக்குத் தீங்கு சூழ்வதாகக் காரணமின்றி அஞ்சுதல்.
4. பிறர் கேளாத குரல் கேட்பதாகக் கூறுதல். தாமே பேசிச் சிரித்தல்.

முதலிரண்டும் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் காட்டுக. பின்னிரண்டில் ஒன்று தோன்றினும் காத்திருத்தல் கூடாது. "சாக வேண்டும்" என்று பிள்ளை சொன்னால் அதனை விளையாட்டாகக் கொள்ளற்க. தனியே விடாமல், பூச்சிமருந்தைப் பூட்டி வைத்து, அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்க.

இது சோம்பலன்று, திமிருமன்று. அடித்தால் திருந்தாது, மணம் முடித்தாலும் தீராது. வழிபாடு ஆறுதல் தரும்; ஆயினும் அதன்பொருட்டு மருத்துவத்தைத் தள்ளிப் போடலாகாது. 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள் ஏர்வாடிக் காப்பகமொன்றில் மூண்ட தீயில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த நோயாளர் தப்ப வழியின்றி மாண்டனர். உயிரிழந்தோர் 28 பேர். நோயாளரைச் சங்கிலியால் பிணைப்பதை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்துள்ளது.

முதலில் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரை அணுகலாம். அவர் மாவட்டத் தலைமை மருத்துவமனையிலுள்ள மனநல மருத்துவரிடம் அனுப்புவார். 2022 முதல் இயங்கும் 14416 என்னும் தொலைபேசி எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றித் தமிழிலேயே ஆலோசனை பெறலாம். சற்றுக் குணம் கண்டவுடன் மருந்தைத் தாமாக நிறுத்துதல் தவறு, நோய் திரும்பக்கூடும்.

ஊராட்சி உறுப்பினர்க்கும் இதில் பங்குண்டு. ஊரார் பேச்சுக்கு அஞ்சியே பல பெற்றோர் நோயை மறைக்கின்றனர். அவர்களுக்குத் தைரியம் கூறி, மருத்துவமனைக்கு உடன் செல்லுங்கள். நலமடைந்து திரும்பும் இளைஞரை ஏளனம் செய்யாது, அவரால் இயன்ற வேலையைக் கொடுங்கள். பாலமும் பாதையும் அமைப்பது போன்றே, ஒரு பிள்ளையின் வாழ்வைக் காப்பதும் ஊர்ப்பணியே ஆகும்.