பழைய கணினிக்குப் புதிய கண்

உதவித்தொகையில் நாள் கடத்தும் மாணவருக்குப் புதிய மடிக்கணினி எட்டாக்கனி. ஆனால், திரையை மட்டும் மாற்றலாமன்றோ?

என்னுடையது 2012-இல் வெளிவந்த திங்க்பேட் எக்ஸ்230. அதன் டி.என். திரையில் நுண்ணோக்கிப் படத்தை நானும் அருகிலிருக்கும் நண்பரும் நோக்கினால், இருவருக்கும் இருவேறு நிறம் தெரிந்தது. ஆய்வுக்கு இது கேடு. காரணம் யாது? அத்திரையின் திரவப் படிக மூலக்கூறுகள் மின்னழுத்தத்தால் நிமிர்கின்றன. சாய்ந்து பார்ப்பவருக்கு ஒளி மாறுகிறது. ஐ.பி.எஸ். திரையிலோ அவை கண்ணாடிக்கு இணையாகவே சுழல்கின்றன. நிறம் அவ்வளவாக மாறுவதில்லை.

வாங்குமுன் அளவையும் இணைப்பையும் ஒப்பிடுக. இக்கணினிக்கு வேண்டியது 12.5 அங்குல எல்.வி.டி.எஸ். வகை, இ.டி.பி. வகை நேரே பொருந்தாது. மின்கலத்தைக் கழற்றிய பின்னரே திருகாணியில் கை வைக்க வேண்டும்.

மாற்றிவிட்டேன். இன்று மூவர் கூடி ஒரே நிறத்தைக் கண்டு வாதிடுகிறோம்.